“உன் தலைக்கு இவ்வளவுதான்” என்று சொன்ன மாமாவுக்கும், அதைக் கேட்ட தம்பிக்கும்

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் மலேசியாவில் கெடா மாநிலத்தின் பாடாங் செராய்க்காரர், வயது 21. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர், அம்மா உரம் போடப் போனவர். தமிழ்ப்பள்ளி, புகுமுக வகுப்பு, பிறகு ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம். அதில் மலாயும் வரலாறும் பாஸ், கணிதம் ஃபெயில். இப்போது கூலிம் ஹைடெக் பார்க்கில் ஏஜெண்டு மூலம் ஆபரேட்டர் வேலை, 12 மணி நேர ஷிஃப்ட். மாமா பிள்ளைகள் இரண்டு பேரும் பல்கலைக்கழகம் போய்விட்டார்கள். “புலிக்குப் பிறந்தது பூனையாகாது, அதே மாதிரிதான் மற்றதும், உன் தலைக்கு இவ்வளவுதான்” என்று மாமா சொல்லியிருக்கிறார். அறிவு பரம்பரையா, படித்து வருவதா என்று தம்பி கேட்கிறார். ஆனால் அவருடைய கடைசி வரியில் இருக்கும் கேள்வி வேறு: இனிமேல் முயற்சி செய்தால் நல்ல வேலை கிடைக்குமா, இல்லை அது வெட்டி வேலையா? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே பதில் இல்லை. முதலாவதை ஆராய்ச்சியிலிருந்தும், இரண்டாவதை ஆள் எடுக்கும் முறைகளும் தொழிற்பயிற்சியும் எப்படி நடக்கின்றன என்பதிலிருந்தும் சொல்கிறேன்.

மாமா சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது ஆறுதலாக இருக்கும், ஆனால் பொய். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களையும் இரண்டு கருவில் வந்த இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில், பல பத்தாண்டுகளாக நடந்திருக்கின்றன. நான்கு நாடுகளைச் சேர்ந்த சுமார் 11,000 ஜோடி இரட்டையர்களை வைத்துச் செய்து 2010-இல் வெளிவந்த ஆய்வு, அறிவுத்திறன் மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு 9 வயதில் 41 விழுக்காடு, 12 வயதில் 55, 17 வயதில் 66 என்று கணக்கிட்டது. வயது ஏற ஏற இந்தப் பங்கு ஏறுகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். குழந்தையாக இருக்கும்போது நமக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்கிறார்கள். வளர்ந்த பிறகு நமக்குப் பிடித்ததை நாமே தேடிப் போகிறோம் என்பது ஒரு விளக்கம். எண்கள் ஆய்வுக்கு ஆய்வு கொஞ்சம் மாறும். மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பது மட்டும் இப்போது சர்ச்சைக்குரிய விஷயமே அல்ல.

தடுமாற்றம் எல்லாம் அந்த எண்ணைப் புரிந்துகொள்வதில்தான். 66 விழுக்காடு என்றால் உங்கள் அறிவில் மூன்றில் இரண்டு பங்கு அப்பா அம்மா கொடுத்தது, மீதியை நீங்கள் சம்பாதித்தீர்கள் என்று பொருள் இல்லை. அது தனி ஆளைப் பற்றிய எண்ணே அல்ல. ஒரு கூட்டத்தில், அந்தக் கூட்டம் வாழும் சூழலில், ஆட்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைப் பற்றிய எண். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதைப் பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை வைத்துச் சொல்லலாம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகத்தை நட்ட ஒரு காட்டில் எல்லா மரமும் ஒட்டுக்கன்று, தலைப்பகுதி எல்லாவற்றுக்கும் ஒரே மரபணு. அந்தக் காட்டில் ஒரு மரம் கூடுதலாகவும் இன்னொன்று குறைவாகவும் பால் கொடுத்தால், தலைப்பகுதியின் மரபணுவைக் காரணம் சொல்ல முடியாது. மண், வேர், நிழல், வெட்டியவரின் கை இவைதான் காரணம். ஆக, அங்கே அந்த மரபணுவின் பங்கு பூஜ்யம். அதற்காகப் பால் சுரப்பதற்கும் மரபணுவுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாரும் சொல்ல மாட்டோம். மாறாக, பல ரகம் கலந்து நட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே உரம், ஒரே கை வெட்டு என்று வைத்தால், மரபணுவின் பங்கு மிகப் பெரிதாகத் தெரியும். சூழல் எவ்வளவு சீராக இருக்கிறதோ அவ்வளவுக்கு மரபணுப் பங்கு கூடித் தெரியும். இன்னொன்று: உரம் போட்ட காட்டுக்கும் போடாத காட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை ஒரு காட்டுக்குள் எடுத்த எண்ணை வைத்து விளக்க முடியாது. மாமா வீட்டுப் பிள்ளைகளையும் உங்களையும் ஒப்பிடுவது இரண்டு காடுகளை ஒப்பிடுவது. டியூஷன் இருந்ததா, வீட்டில் மலாயும் ஆங்கிலமும் காதில் விழுந்ததா, படிக்கத் தனியாக ஒரு மேசை இருந்ததா என்பதெல்லாம் வேறு வேறு. அந்த வித்தியாசத்தில் இவ்வளவு இரத்தம், இவ்வளவு வீடு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. சொல்கிறவர் ஊகிக்கிறார்.

படிப்பு அறிவுத்திறனையே உயர்த்துமா, இல்லை மார்க்கை மட்டுமா? இதற்கு நல்ல சான்று நார்வேயில் கிடைத்தது. அங்கே கட்டாயக் கல்வியை 7 ஆண்டிலிருந்து 9 ஆண்டாக 1955-க்கும் 1972-க்கும் இடையில் ஊர் ஊராக, வெவ்வேறு ஆண்டில் நீட்டினார்கள். எந்த ஊருக்கு எப்போது வரும் என்பது மாணவனின் மூளையைப் பார்த்து முடிவானதல்ல. அந்தப் பையன்கள் 19 வயதில் இராணுவத் தேர்வில் எழுதிய அறிவுத்திறன் சோதனையைப் பார்த்தபோது, கூடுதலாகப் படித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் சுமார் 3.7 புள்ளி ஏறியிருந்தது. இது நடந்தது பதின்ம வயதின் நடுவில், குழந்தைப் பருவத்தில் அல்ல. 2018-இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைத் திரட்டிய ஆய்வு, ஓராண்டுக் கல்விக்கு 1 முதல் 5 புள்ளி என்று சொன்னது. சுவீடனில் இன்னொரு விதமாகப் பார்த்தார்கள். கூடப் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகளில் ஒருவர் பிறந்த வீட்டிலேயே வளர்ந்தவர், மற்றவர் வசதி கூடிய வீட்டுக்குத் தத்துப் போனவர். தத்துப் போனவர் 18-20 வயதில் சராசரியாக 4.4 புள்ளி மேலே இருந்தார். நாலு புள்ளி மலையைப் புரட்டுகிற வித்தியாசம் இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. இரண்டு பக்கமும் கூச்சல் போடுபவர்கள் இந்த அளவைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

உறுதியில்லாதவையும் உண்டு. ஏழை வீடுகளில் மரபணுவின் பங்கு குறைவாகவும் வசதியான வீடுகளில் கூடுதலாகவும் இருக்கிறது என்று அமெரிக்காவில் 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. அமெரிக்காவில் அது ஓரளவு திரும்பத் தெரிந்தது, மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தெரியவில்லை. மலேசியத் தோட்டக் குடும்பங்களுக்கு அதை அப்படியே ஒட்டிப் பேச எனக்குத் துணிச்சல் இல்லை. எச்சில் எடுத்து மரபணுவைப் பார்த்துப் படிப்பைக் கணிக்கும் சோதனைகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்து உருவாக்கியவை, அவர்களிடமே படித்த ஆண்டுகளின் வித்தியாசத்தில் ஏறக்குறைய 12 முதல் 16 விழுக்காட்டைத்தான் விளக்குகின்றன. நம்மவர்களிடம் இன்னும் குறையும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அதேபோல, தமிழில் யோசித்து வளர்ந்தவரை மலாய் அல்லது ஆங்கிலச் சொற்கள் நிறைந்த சோதனையில் உட்காரவைத்து எடுத்த மதிப்பெண், மொழியையும் சேர்த்தே அளக்கிறது. உங்கள் கணித ஃபெயிலில் எவ்வளவு கணிதம், எவ்வளவு வினாத்தாளின் மொழி என்று விடைத்தாளைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

மூளையைத் தீட்டுகிறோம் என்று விற்கப்படும் விளையாட்டுச் செயலிகளை ஒரே வரியில் முடித்துவிடலாம்: 2010-இல் 11,430 பேரை ஆறு வாரம் பழக்கிப் பார்த்தார்கள், பழகிய விளையாட்டில் மட்டும் தேறினார்கள், வேறு எதிலும் இல்லை. நடுமூளையைத் திறக்கிறோம் என்று பெற்றோரிடம் வசூலித்த வகுப்புகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இனி வேலை. பல தொழில்களில் ஆள் எடுக்கும் முறை எது, பிறகு வேலையில் தேறுபவரைச் சரியாகக் காட்டுகிறது என்று பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2022-இல் மறுபடி கணக்கிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கு 0.42, தொழிலறிவுச் சோதனைக்கு 0.40, வேலையைச் செய்து காட்டச் சொல்வதற்கு 0.33, பொது அறிவுத்திறன் சோதனைக்கு 0.31. முழுப் பொருத்தம் என்றால் 1 வரும். 0.31-ஐ அதாலேயே பெருக்கினால் கிடைப்பது பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வேலையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் அறிவுத்திறன் விளக்குவது அவ்வளவுதான். முதல் இரண்டு இடத்தில் நிற்கிற நேர்காணலும் தொழிலறிவும் தயார் செய்யக்கூடியவை. மாமாவின் கேள்வியை இத்தோடு விட்டுவிட்டு இதில் நேரத்தைப் போடுங்கள்.

முதலில் நல்ல வேலை என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கையில் வரும் மொத்தத் தொகை ஏமாற்றும். அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்சமான 1,700 ரிங்கிட் என்று வைப்போம். ஒரு நாள் விகிதம் 26-ஆல் வகுத்தால் 65.38, மணிக்கு 8-ஆல் வகுத்தால் 8.17, ஓ.டி.க்கு (கூடுதல் நேர வேலைக்கு) ஒன்றரை மடங்கு, 12.26. மாதம் 60 மணி ஓ.டி. செய்தால் சுமார் 735 சேர்ந்து 2,435 ஆகிறது. பக்கத்துத் தொழிற்சாலை பயிற்சி டெக்னீஷியனுக்கு 2,000 தருகிறது, ஓ.டி. அவ்வளவாக இல்லை என்றால் பலர் வேண்டாம் என்கிறார்கள். அங்கேதான் தவறுகிறார்கள். ஓ.டி. பணத்துக்கு ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். பிடிப்பதில்லை, முதலாளி கட்டும் 13 விழுக்காடும் அடிப்படையின் மேல்தான், அதாவது 221-க்குப் பதில் 260. ஆர்டர் குறைந்தால் முதலில் போவது ஓ.டி.தான். எல்லாவற்றையும் விட, மூன்று வருடம் கழித்து ஆபரேட்டரிடம் இருப்பது மூன்று வருட உழைப்பு, டெக்னீஷியனிடம் இருப்பது வேறு கம்பெனிக்கும் கொண்டுபோகக்கூடிய கைத்தொழில். வீட்டில் கடன் கட்ட அந்த 435 வெள்ளி கட்டாயம் வேண்டும் என்றால் கதை வேறு. அதை உட்கார்ந்து எழுதிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு மலாயும் வரலாறும் பாஸ் என்பதால் எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் இருக்கிறது. கணிதத்தைத் தனி வேட்பாளராக மறுபடி எழுத வேண்டுமா என்றால், நேராக டிப்ளோமாவுக்குப் போகத் திட்டம் இல்லாவிட்டால் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். எஸ்.கே.எம். வழி போங்கள். எஸ்.கே.எம். என்பது மலேசியத் திறன் சான்றிதழ்; அது 1, 2, 3 என்று படிப்படியாக ஏறும், அடுத்து டிப்ளோமா நிலையான டி.கே.எம்., உயர் டிப்ளோமாவான டி.எல்.கே.எம். வரும். மூன்றாம் நிலை வரை போகாமல் இரண்டோடு நிறுத்துவதுதான் அதிகம் நடக்கும் விபத்து; தொழிற்சாலைகள் டெக்னீஷியன் என்று மதிக்கத் தொடங்குவது மூன்றிலிருந்துதான். உங்கள் பக்கத்திலேயே கூலிமில் அட்டெக் என்ற உயர் தொழில்நுட்பப் பயிற்சி மையம் இருக்கிறது, நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரில் அமைந்த தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது, சிம்பாங் அம்பாட் பக்கம் ஜப்பான்-மலேசியத் தொழில்நுட்பக் கழகமான ஜே.எம்.டி.ஐ. இருக்கிறது. மூன்றும் மனிதவளத் துறையின் கீழ் வருபவை, தனியாரை விடக் கட்டணம் மிகக் குறைவு. வேலையை விட முடியாதவருக்கு எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சி முறை உண்டு: 70 முதல் 80 விழுக்காடு தொழிற்சாலையில், மீதி பயிற்சி நிலையத்தில். இதற்கு நிறுவனம் ஒத்துக்கொள்ள வேண்டும், ஏஜெண்டு ஆளாக இருந்துகொண்டு அது கிடைப்பது கடினம். மூன்றாவதாக பி.பி.டி. என்ற வழி. ஏற்கெனவே வேலையில் கற்றதை ஆதாரத்தோடு காட்டி, மதிப்பீட்டாளர் சோதித்துச் சான்றிதழ் தருவது. இதற்கு இன்றிலிருந்தே சேர்க்க வேண்டியவை: நீங்கள் ஓட்டும் இயந்திரத்தின் பெயர், மாடல், செய்த வேலையின் படங்கள் (தொழிற்சாலை அனுமதித்தால் மட்டும்), பயிற்சிச் சான்றுகள், சூப்பர்வைசர் கையெழுத்திட்ட வேலைப் பட்டியல். வேலையை விட்ட பிறகு அந்தக் கையெழுத்தை வாங்குவது நாய் படாத பாடு.

எந்தத் துறை? உங்கள் லைன் நின்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். கூலிமில் இருப்பவருக்குத் தொழிற்சாலை மின்சாரம் அல்லது மெக்கட்ரானிக்ஸ் என்பது என் தேர்வு. மின்சாரத்தைக் கொஞ்சம் முன்னால் வைப்பேன், காரணம் சட்டம். பெரிய மின் இணைப்பு உள்ள தொழிற்சாலை, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்ற சார்ஜ்மேன் (மின் அமைப்புக்குப் பொறுப்பானவர்) இல்லாமல் ஓட முடியாது. ஏ வகை குறைந்த மின்னழுத்தத்துக்கு, பி வகை உயர் மின்னழுத்தத்துக்கு. அந்தச் சான்று உள்ளவர் எந்த ஊரிலும் வேலை கேட்கலாம். தோட்டத்தை விட்டுப் போக மனமில்லை என்றாலும் இதே சான்று செம்பனை ஆயில் மில்லில் செல்லும். மில்லில் இன்னொன்று பாய்லர். நீராவி பாய்லரைத் தகுதிச் சான்று உள்ளவர்தான் பார்க்க முடியும். வெல்டிங்கில் காசு சீக்கிரம் வரும், கண்ணும் நுரையீரலும் அதற்கு விலை கொடுக்கும். தனியார் கல்லூரி ஒன்றில் சேர்வதானால், கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்தாதீர்கள். நீங்கள் எடுக்கும் அந்தத் துறைக்கு, அந்த நிலைக்கு, திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. அங்கீகாரம் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று துறையிலேயே கேளுங்கள். சில இடங்களில் இரண்டாம் நிலைக்கு இருக்கும், மூன்றுக்கு இருக்காது; பையன் பாதியில் நிற்பான். திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே. தருவது கடன், படிப்பு பாதியில் நின்றாலும் கடன் நிற்காது.

கணிதம் பயமுறுத்தும். அதனால் முதல் மூன்று மாதத்துக்கு எது தேவையோ அதை மட்டும் எடுங்கள்: பின்னம், விகிதம், விழுக்காடு, அலகு மாற்றம், ஒரு சூத்திரத்தைத் திருப்பிப் போடுவது. 2,000 வாட் கெட்டிலை 230 வோல்ட்டில் போட்டால் எத்தனை ஆம்பியர்? 2,000-ஐ 230-ஆல் வகுக்க 8.7; 13 ஆம்பியர் பிளக் தாங்கும். இரண்டு கெட்டிலை ஒரே நீட்டிப்பு வயரில் போட்டால் 17.4, தாங்காது. மின்சாரப் படிப்பின் தொடக்கக் கணிதம் இந்த உயரம்தான். படிக்கும் முறையில், திரும்பத் திரும்ப வாசிப்பது படித்த மாதிரி உணர்வைத் தரும், நினைவைத் தராது. 2006-இல் மாணவர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40 விழுக்காடு நினைவில் இருந்தது; ஒருமுறை வாசித்து, மூன்று முறை புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆகவே ஒரு கணக்கைப் பார்த்துப் புரிந்தவுடன் மூடுங்கள், வெள்ளைத் தாளில் போடுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று அதே வகைக் கணக்கை வேறு எண்ணில் போடுங்கள். 12 மணி ஷிஃப்ட் ஓடும் நாளில் புதிய பாடம் தொடவே வேண்டாம். பஸ்ஸில் பத்து நிமிடம் சூத்திர அட்டைகள் போதும். புதிய பாடம் ஓய்வு நாளில், தூங்கி எழுந்த பிறகு, அரை மணி நேரம். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை எட்டு மணிக்குப் புத்தகத்தைத் திறப்பவர்கள் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டு, தலையில் ஏறவில்லை என்று தங்களையே திட்டுகிறார்கள். ஏறாதது தலையால் அல்ல, தூக்கமின்மையால். பிறவியில் கணிதத் திறமை கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது என்று வைத்தாலும், அதன் விலை கூடுதல் நாட்கள்தான். சார்ஜ்மேன் தேர்வில் எத்தனை மாதத்தில் படித்தாய் என்று கேட்பதில்லை.

நேர்காணலுக்கு மூன்று சம்பவங்களைத் தயார் செய்யுங்கள்: இயந்திரம் நின்றது, ரிஜெக்ட் கூடியது, ஆள் குறைந்த ஷிஃப்ட். ஒவ்வொன்றிலும் என்ன பிரச்சினை, நீங்கள் என்ன செய்தீர்கள், எண்ணில் என்ன மாறியது என்று ஒன்றரை நிமிடம். மலாயில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை, கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். நம் பிள்ளைகள் பலர் வேலை தெரிந்தும் “நாங்கள் செய்தோம்” என்று பொதுவாகச் சொல்லி மதிப்பெண்ணை விடுகிறார்கள். கேட்பவர் எழுதிக்கொள்வது நீங்கள் செய்ததை மட்டும். ரெசுமே ஒரு பக்கம். “கடின உழைப்பாளி” என்று எழுதும் இடத்தில் எந்த இயந்திரம், எத்தனை யூனிட், எத்தனை மாதம் என்று எழுதுங்கள். தொழிற்சாலைகள் தரும் கூட்டல், விகிதம், வடிவ வரிசைச் சோதனைகளுக்கு மாதிரித் தாள் இரண்டு மூன்றை நேரம் வைத்து எழுதிப் பார்த்தாலே மதிப்பெண் ஏறும். அறிவு கூடியதால் அல்ல, தாளின் பழக்கம் வந்ததால். அப்படி ஏறினாலும் அது உங்கள் மார்க்தான்.

பார்க்க வேண்டிய இடங்கள்: சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைத் தளம், ஹைடெக் பார்க் கம்பெனிகளின் நேரடி நேர்காணல் நாட்கள், உங்கள் லைனின் டெக்னீஷியன்கள். மூன்றாவதைக் குறைத்து எடைபோடாதீர்கள், காலி இடம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஏஜெண்டு வேலையில் இருக்கும்வரை மாதம் ஒருமுறை இ.பி.எஃப். கணக்கைத் திறந்து பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது நடக்கிற காரியம். நேர்காணலுக்கு முன்பே பணம் கேட்பவர், அல்லது வெளிநாட்டில் டைப்பிங் வேலைக்கு ஐயாயிரம் வெள்ளி, டிக்கெட் இலவசம் என்பவர் யாராக இருந்தாலும் கடப்பிதழைக் கொடுக்காதீர்கள். பணம் போய்விட்டால் வங்கியையும் தேசிய மோசடி உதவி எண்ணான 997-ஐயும் உடனே அழையுங்கள், மணிக்கணக்கில் தாமதித்தால் பிடிப்பது கடினம். கணித விடைத்தாள் மாதிரி ஏதாவது கைவசம் இருந்தால், போட்ட கணக்கு இரண்டு மூன்றைப் படமெடுத்து இதன் கீழே போடுங்கள் தம்பி. எங்கே சறுக்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.